திரும்பி வந்த பத்து வாட்

சாப்புகாய் ஆற்றின் பாலத்தில் நின்று பார்த்தால்
தெரிவது நீர்மட்டம் ஒன்றுதான்.
எவ்வளவு போகிறது,
கீழே அணை நிறைந்து தள்ளும்போது
எவ்வளவு எதிரேறி வருகிறது,
தூணில் வரைந்த கோடுகள் சொல்வதில்லை.

கம்பியும் அப்படித்தான்.
போகிற அலையும் வருகிற அலையும்
ஒரே வோல்டேஜுக்குள் தோளில் கைபோட்டு நிற்கும்.
பிரிக்க வேண்டியவள் நான்.

மலைமேல் ஒரு எஃப்.எம். நிலையம்.
விடிகாலையில் காப்பிக்கொட்டை விலை,
ஏழுக்குப் பூசை,
பிறகு யார் வீட்டுப் பசு காணோம் என்ற அறிவிப்பு.
மழை பிடித்தால் வாய் மூடிக்கொள்ளும்.
வால்தெசி ஃபோனில் சொன்னார்:
"முள் எழும்புது, டோனா ஜுரேமா,
எழும்பினதும் தானா அணைஞ்சிடுது."

முள்ளைக் கேட்க நான் மலையேறவில்லை.
திரையில் அதே ஆம்ப்ளிஃபயரை வரைந்தேன்.
கடைசி டிரான்சிஸ்டரின் வாசலில்
வோல்டேஜுக்கு ஒரு கண்,
கரன்ட்டுக்கு ஒரு கண்.
கரன்ட்டை ஐம்பதால் பெருக்கிக் கூட்டினால் போவது,
கழித்தால் வருவது.
வர்க்கம் எடுத்து நானூறால் வகு.
கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக் கணக்கு,
தூக்கத்திலும் வரும்.

வந்தது:
அனுப்பியது அரை வாட்டுக்கும் குறைவு.
திரும்பியது பத்து.

கொடுத்ததைவிடக் கூடுதலாய்த் திருப்பித் தருபவரை
இந்த ஊரில் நான் கண்டதில்லை.
சர்க்யூட்டில் உண்டு.
அதற்குப் பெயர் அலைவு,
தன்னைத்தானே கேட்டுத் தானே கத்துவது.
சரி, மழையில் இது கத்துகிறது என்று
முடிவு கட்டினேன்.

பதினோரு நாள்.
வாசலில் ஒரு தடை,
அது போதாமல் பக்கத்தில் இன்னொன்று,
பின்வழியாய் ஒரு கண்டென்சர்.
பாவம் அந்த டிரான்சிஸ்டர்,
குளிர்காலக் குழந்தைபோல் துணிமேல் துணி சுற்றி
கைகூட அசைக்க முடியாமல் நின்றது.
எண் மட்டும் அசையவில்லை.

பன்னிரண்டாம் நாள், வெள்ளி, மதியம்,
நெய்தே கடையின் சீஸ் ரொட்டி ஆறிக்கொண்டிருக்க,
வேறு எதுவும் தோன்றாமல்
டிரான்சிஸ்டரையே பிடுங்கிவிட்டு
வெறும் ஐம்பது ஓம் தடையை வைத்தேன்.
எதைக் கொடுத்தாலும் விழுங்கிச் சூடாகும் மண்ணாங்கட்டி,
திருப்பித் தரத் தெரியாதது.

அதுவும் பத்து வாட் திருப்பித் தந்தது.
அனுப்பியது சுழியம்.

கரன்ட் அளக்கும் சின்னத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும்,
அரிசிமூக்கு அளவு.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடப்பக்கம் நோக்கி நின்றது.

கூட்டவேண்டியதைக் கழித்திருக்கிறேன்,
கழிக்கவேண்டியதைக் கூட்டியிருக்கிறேன்.
மறுப்பு என்று நான் பதினோரு நாள் சண்டையிட்டது
அத்தனையும் ஏற்பு.
பத்து அனுப்பி அரைக்கும் குறைவாய்த் திரும்பினால்
அதைவிட நல்ல வாசல் எங்கே கிடைக்கும்?

பக்கத்து மேசை ஓஸ்மார் சிரிக்கவில்லை.
போன வருஷம் அவன்
உச்சத்தையும் சராசரியையும் குழப்பி
இல்லாத இரட்டைப் பவரை
ஒரு மேயருக்கு விற்றவன்.

தடைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
அம்பைத் திருப்பி, அளவியை வெளிவாசலுக்கு நகர்த்தினேன்,
ஆன்டெனாவுக்குப் போகும் பக்கம்.
அங்கே கேபிளின் நுனியில்
கொஞ்சம் மழை ஊற்றினேன்:
ஒரு கண்டென்சர், ஒரு கசிவு,
மழைக்கு என்னிடம் வேறு சின்னம் இல்லை.

முள் எழுந்தது.
இருபது, முப்பது, நாற்பது வாட்.
இம்முறை நிஜமாகவே வருவது.

ஏழு மணிக்கு வால்தெசியை அழைத்தேன்.
"ஆம்ப்ளிஃபயரில் ஒண்ணுமில்ல.
கோபுர உச்சியில கேபிள் மூட்டைத் திறங்க,
தண்ணி இருக்கும்."

மறுமுனையில் தகரக்கூரை மேல் மழை.
"இருக்கட்டும்" என்றார்,
"இப்ப யாரு ஏறுறது."
பிறகு தயங்கி,
"நீங்க இதை முதல் வாரமே சொல்லியிருந்தா
வெயிலா இருந்துச்சே."

நான் பதில் சொல்லாமல்
கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்,
பாதி அவர் பக்கத்து மழை,
பாதி என் ஜன்னலில்.